பூ மண்டியில் ஒரு ஐ.பி. அதிகாரி: மதுரை உளவு நாவலுக்கு விவரம் தேவை

நிலா எழுத்து
வணக்கம். மதுரையில் நடக்கிற உளவு நாவல் ஒன்று எழுதுகிறேன். கதை இதுதான்: நாயகி தாமரை, 34 வயது, 'ரா' அதிகாரி. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்படை விமானத் தளம் ஒன்றிலிருந்து படங்கள் வெளியே போகின்றன. அதை வாங்கிக் கைமாற்றிவிடும் ஆள் மதுரையில் இருக்கிறான். தாமரை பந்தடித் தெருவில் தனியாக வீடு பிடித்து, சுங்குடிச் சேலை வியாபாரியாக நடிக்கிறாள். அந்த ஆள் அரப்பாளையத்தில் ராமநாதபுரம் பஸ் ஏறிப் போய் வருகிறான். புதுமண்டபத்துத் தையல்கடையில் பொட்டலம் கைமாறுகிறது. கடைசியில் பிற்பகல் 2 மணிக்கு மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் துரத்தல். கைபேசியில் குழுவோடு பேசிக்கொண்டே ஓடி, துப்பாக்கியை நீட்டிக் கைது செய்கிறாள். காலம் 2024. தப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

தெற்குவெளி
முதலில் அமைப்பை மாற்றுங்க. 'ரா' 1968 செப்டம்பரில் தொடங்கியது, வெளிநாட்டு உளவுக்காக. நம்ம ஊருக்குள்ள வேற்று நாட்டுக்கு வேலை பார்க்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறது ஐ.பி., அதாவது மத்திய உள்நாட்டு உளவுத்துறையின் வேலை. அது 1887-ல் ஆரம்பிச்சது, இப்போ உள்துறை அமைச்சகத்தின் கீழே வருது. மாநிலத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கு.

பதவியும் வயதும் பொருந்தணும். பட்டதாரிகள் தேர்வு எழுதி நேரடியா நுழையிற இடம் ஏ.சி.ஐ.ஓ. (உதவி மத்திய உளவு அதிகாரி) இரண்டாம் நிலை. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. அப்படி நுழைஞ்சவங்க 34 வயதில் முதல் நிலையில் இருக்கலாம். உதவி இயக்குநர், துணை இயக்குநர்னு போட்டா அவங்க மேசையில் கோப்பு பார்ப்பாங்க, தெருவில் நிக்க மாட்டாங்க.

அடுத்தது முக்கியம். ஐ.பி. அதிகாரிக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. சோதனை போடவும் முடியாது. தமிழ்நாட்டில் இந்த மாதிரி விஷயத்தை எடுத்து நடத்துறது போலீஸின் கியூ பிரிவு. தாமரை தகவல் கொடுப்பா, கியூ பிரிவு கைது பண்ணும். சந்தேகப்படுற ஆள் சீருடையில் இருக்கிற கடற்படைக்காரரா இருந்தா கடற்படையின் சொந்த உளவுப் பிரிவும் உள்ளே வரும். துப்பாக்கியை எடுத்துடுங்க. மாறுவேடத்தில் இருக்கிறவள் பையில் துப்பாக்கி இருந்தா, முதல் முறை யாராவது பையைத் திறந்த அன்னைக்கே வேஷம் முடிஞ்சது.

பந்தடி முடிச்சு
பந்தடித் தெருவில் தனியா வீடு எடுத்து சுங்குடி வியாபாரம்னு சொல்றது ஒரு வாரம்கூட நிக்காது அக்கா. மகால் சுத்துவட்டாரம், பந்தடி, காமராசர் சாலை, முனிச்சாலை எல்லாம் சௌராஷ்டிரர் நெருக்கமா இருக்கிற பகுதி. வீட்டுக்குள்ளயும் வாசல்லயும் பேசுறது சௌராஷ்டிரம். அந்தப் பேச்சு தெரியாத ஒரு பொண்ணு சுங்குடி சரக்கு பிடிக்கிறேன்னு வந்தா யாரும் விரட்ட மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் அவ வெளியாள்னு தெரியும், அன்னைக்குச் சாயங்காலமே தெரு முழுக்கத் தெரியும். மறைஞ்சு இருக்க வேண்டியவளுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

தொழிலும் இடிக்கும். உண்மையான சுங்குடின்னா துணியில் புள்ளி புள்ளியா நூல் சுத்தி முடிச்சு போட்டு, சாயத்தில் முக்கி, காஞ்ச பிறகு முடிச்சை உதறிப் பிரிக்கணும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இப்போ கடையில் சுங்குடின்னு விக்கிறதில் நிறைய மெழுகு அச்சு. வியாபாரின்னு சொல்றவ கையில் சேலையை வாங்கினதும் புள்ளியைத் தடவிப் பார்க்கணும். முடிச்சு போட்டதில் புள்ளி லேசா மேடு தட்டி, நடுவில் சாயம் கொஞ்சம் கசிஞ்சு இருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. இது தெரியாம விலை பேசினா முதல் நாளே மாட்டிக்குவா.

கோபுரப்புறா
புதுமண்டபத் தையல்கடையை 2024-ல் எழுத முடியாது. அங்கே இருந்த தையல்காரர், பாத்திரக்கடை, புத்தகக்கடை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டாங்க. மண்டபம் காலியாச்சு. தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் ஓடுற காட்சி வேணும்னா கதையைப் பத்து வருஷம் பின்னாடி தள்ளுங்க.

ராமநாதபுரம் பஸ் அரப்பாளையத்தில் கிடையாது. அரப்பாளையம்னா திண்டுக்கல், தேனி, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம். ராமநாதபுரம், ராமேஸ்வரம், திருநெல்வேலி, திருச்சி, சென்னை எல்லாம் மாட்டுத்தாவணி. பெரியாரில் டவுன் பஸ்.

கோயில் விஷயம் பெருசு, தனியா எழுதுறேன்.

பூமண்டி
நாயகிக்கு வேற தொழில் சொல்றேன் தங்கச்சி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், வெளிநாட்டுக்கு மல்லி அனுப்புற ஒரு கடையில் கணக்குப் பிள்ளை. ஏன்னா அவளுக்கு நாலு விஷயத்துக்குச் சாக்கு வேணும்: நேரங்கெட்ட நேரத்தில் வெளியே போறது, வெளிநாட்டுக்குப் போன் பேசுறது, முகம் தெரியாத ஆட்கள் தேடி வர்றது, கையில் ரொக்கம் புழங்குறது. நாலும் பூ வியாபாரத்தில் சாதாரணம். துணிக்கடையில் நாலில் ஒண்ணுகூட இல்லை.

மொட்டை விடியிறதுக்கு முன்னாடி பறிப்பாங்க. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், நிலக்கோட்டைப் பக்கமிருந்து விடியற்காலம் சரக்கு வந்து இறங்கும். மொட்டாவே போய்ச் சேரணும், சாயங்காலம் விரிஞ்சிடும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போறதைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலம் வச்சு அடைப்பாங்க. ஐஸ் நேரா மொட்டில் பட்டா கருகிடும், அதனால் நடுவில் காகிதம் வரும். பயிர்நலச் சான்று வேணும், விமானம் ரெண்டு மணி நேரம் தாமதமானா பெட்டிக்குள்ள வேர்த்துப் பூ பழுப்பேறும். அப்போ துபாய்க்காரன் ராத்திரி போன் பண்ணிக் கத்துவான். அவ நடுராத்திரி மொட்டைமாடியில் நின்னு போன் பேசினா பக்கத்து வீட்டுக்காரம்மா ஏன்னு கேக்காது.

அவளுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது: மல்லிக்கும் முல்லைக்கும் பிச்சிக்கும் வித்தியாசம். பிச்சி மொட்டில் சிவப்பு ஓடியிருக்கும், முல்லை மெலிசு. இந்த மாசம் முகூர்த்தம் என்னென்ன தேதின்னு கேட்டா காலண்டர் பார்க்காம சொல்லணும், விலை அதை வச்சுத்தான் ஏறும். மார்கழி, தையில் பனி விழுந்து வரத்து சுருங்கும், அப்போ கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பங்குனி, சித்திரையில் வரத்து அதிகம். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுத்திடும். கடை முதலாளிக்கு உண்மை தெரியணுமா வேண்டாமாங்கிறதை நீங்க முதலிலேயே முடிவு பண்ணுங்க. தெரியாதுன்னா அவ நிஜமாவே வேலை பார்க்கணும், தினம் எட்டு மணி நேரம் பில் போட்டுட்டு மிச்ச நேரத்தில்தான் உளவு.

பந்தடி முடிச்சு
பூமண்டி அண்ணன் சொன்னது சரி. இன்னொண்ணு, இவளோட வேஷத்தைச் சோதிக்கப் போறது எதிரி உளவாளி இல்லை, வீட்டுக்கார அம்மா. "எந்த ஊரும்மா, யாரு வீடு, கல்யாணம் ஆயிருச்சா, குலசாமி எது?" இந்த நாலு கேள்வியும் முதல் வாரத்திலேயே வரும்.

குலசாமிதான் ஆபத்து. உசிலம்பட்டிப் பக்கம்னு சொன்னா மாசி சிவராத்திரிக்குப் பெட்டி தூக்கணும். திருநெல்வேலின்னு சொன்னா பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகணும். அந்த ராத்திரி அவ மதுரை வீட்டிலேயே விளக்கைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தா, "என்ன, சாமி கும்பிடப் போகலையா?"ன்னு கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த பொய், அதைத் தாங்க இன்னொரு பொய். அதனால வேஷத்துக்கு எழுதுற ஊர் அவளோட நிஜ ஊருக்குப் பக்கத்து ஊரா இருக்கணும். பேச்சும் பொருந்தும். "அங்கிட்டு இங்கிட்டு"ன்னு வாயில் வராதவ மதுரைக்காரின்னு சொல்லக் கூடாது. 34 வயசில் தனியா இருக்கிறதுக்குக் காரணம் வேணும். கணவர் துபாயில்னு சொன்னா கணவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரணும். கைம்பெண்ணுன்னா மாமியார் வீட்டுக் கேள்வி வரும். அம்மாவுக்கு மதுரையில் வைத்தியம், அம்மாவோடு தங்கியிருக்கேன்னு ஒரு மூத்த அம்மாவையும் கூட வச்சுடுங்க. தனிப் பொண்ணுக்கு வீடு கிடைக்கிற கஷ்டமும் தீரும்.

வீடு ஒத்திக்கு எடுக்கலாம். மதுரையில் அது சகஜம். மொத்தமா சில லட்சம் கொடுத்தா மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வரும். மாசா மாசம் வாடகை தர வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டியதில்லை. சிக்கல் ஒண்ணுதான்: பூக்கடைக் கணக்குப் பிள்ளை கையில் அவ்வளவு லட்சம் எப்படின்னு கேப்பாங்க. நகையை வித்தேன், ஊரில் காணி ஒண்ணை வித்தேன்னு ஏதாவது பொருந்தணும். இல்லைன்னா மாச வாடகைதான் நல்லது.

கோபுரப்புறா
இப்போ கோயில். பிற்பகல் 2 மணி முடியாது, மதியம் 12.30-க்கு நடை சாத்தி சாயங்காலம் 4-க்குத்தான் திறப்பு. கைபேசியும் முடியாது. 2018 பிப்ரவரி 2 ராத்திரி வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது, அதுக்கு அடுத்த மாசத்திலிருந்து உள்ளே கைபேசிக்குத் தடை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கணும், செருப்பும் அப்படித்தான். பெண்களைத் தனியா மறைப்புக்குள்ள பெண் போலீஸ் சோதிப்பாங்க.

இதை எழுத்தாளருக்குக் கிடைச்ச வரமா எடுத்துக்கோங்க. உள்ளே போனதும் ரெண்டு தரப்பும் ஊமை. பின்தொடர்ற குழு ஒருத்தரோடொருத்தர் பேச முடியாது. நாலு கோபுர வாசல், அம்மன் சந்நிதி வாசல் ஒண்ணு, ஆக ஐந்து வெளிவழி. ஆனா அஞ்சு வாசலிலும் ஆள் போட வேண்டியதில்லை. செருப்பையும் போனையும் எங்கே கொடுத்தானோ அங்கே அவன் திரும்பி வந்தாகணும். அங்கே ஒரே ஒரு ஆள் போதும். பூ கட்டுற அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி தொடுத்துக்கிட்டிருக்கட்டும்.

தெரிஞ்ச உளவாளி என்ன செய்வான்? வெறுங்காலோட, போன் இல்லாம வருவான். சித்திரை வீதியில் வெறுங்காலோட நடக்கிறவன் நூறு பேர், யாரும் பார்க்க மாட்டாங்க. தெற்கு வாசலில் நுழைஞ்சு வடக்கில் வெளியே போயிடலாம். ஆகவே தாமரை கவனிக்க வேண்டியது இதுதான்: நாலு வெள்ளிக்கிழமையும் செருப்போட வந்தவன் அஞ்சாவது வெள்ளிக்கிழமை வெறுங்காலோட வந்திருக்கான். அன்னைக்குத்தான் கைமாற்றல். துரத்தலைவிட இது எனக்குப் பெரிய காட்சியாத் தெரியுது.

நிலா எழுத்து
வெறுங்கால் விஷயம் அற்புதம். அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வெளியே வீதிகளில் பின்தொடர்வது எப்படி என்று யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? சங்கேதத்துக்கு வாசல் கோலம் வைத்திருக்கிறேன்.

தெற்குவெளி
நடையா பின்தொடர்றதுக்குக் குறைஞ்சது மூணு பேர். முதல் ஆள் இலக்குக்குப் பின்னாடி, இரண்டாமவர் முதல் ஆளுக்குப் பின்னாடி, மூணாமவர் எதிர்ச்சாரியில். இலக்கு முனையில் திரும்பினா முதல் ஆள் திரும்பக் கூடாது, நேராப் போயிடணும். எதிர்ச்சாரி ஆள் திரும்பி முதலிடத்தை எடுக்கணும். முனையில் ஒரே முகம் கூடவே திரும்புறதைத்தான் பழகினவன் பார்ப்பான்.

மதுரையில் இது எங்கே உடையும்னா, ஊர் கோயிலைச் சுத்திச் சதுரம் சதுரமா இருக்கு. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதின்னு ஒண்ணுக்கு வெளியே ஒண்ணு. ஒருத்தன் மாசி வீதியைச் சும்மா சுத்தினா, நாலு முனையிலும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வருவான். வேலையா போறவன் எவனும் அப்படிச் சுத்த மாட்டான். நாலு முனைக்கப்புறமும் பின்னாடி அதே நீலச் சட்டை இருந்தா சந்தேகமே இல்லை. அதனால குழு சதுரத்தில் கூடவே போகக் கூடாது. குறுக்குச் சந்து வழியா அடுத்த முனைக்கு முன்னாடியே போய் நிக்கணும். சந்துகள் மனப்பாடமா இருக்கிற உள்ளூர் ஆள் ஒருத்தராவது வேணும். கார் வேண்டவே வேண்டாம், ஒருவழிப் பாதையில் மாட்டிக்கும். டூவீலர் ரெண்டு, ஷேர் ஆட்டோ ஒண்ணு. சித்திரை வீதிக்குள்ள வண்டி விட மாட்டாங்க, அங்கே நடைதான்.

ஒரே ஆளை 24 மணி நேரமும் விடாம பார்க்கணும்னா மூணு ஷிப்ட், மொத்தம் இருபது பேருக்கு மேல் போகும். எந்த அலுவலகமும் மாசக்கணக்கில் அவ்வளவு ஆள் தராது. தாமரை தலைமையிடம் ஆள் கேட்டு, பத்து நாளைக்கு மட்டும் கொடுத்து, பதினோராவது நாள் திருப்பி எடுத்துக்கிற மாதிரி எழுதுங்க. உண்மையான நெருக்கடி அதுதான்.

பழைய கோப்பு
கோலம் வேண்டாம். காலையில் போட்டது பத்து மணிக்குள் மிதிபட்டுக் கலைந்துவிடும். ஒருவர் வீட்டு வாசலில் வேறொருவர் கோலம் போட முடியாது. சங்கேதம் என்பது அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை நிற்க வேண்டும், ஓடும் பஸ்ஸிலிருந்தே கண்ணில் பட வேண்டும், பார்க்கிறவன் நிற்கவே கூடாது. அமெரிக்க சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டு சோவியத்துக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், வாஷிங்டனில் ஒரு தபால்பெட்டியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். நம்மூரில் சுவரில் கோடு போட்டால் போச்சு. மதுரைச் சுவரில் காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ராத்திரிக்கு ராத்திரி போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவார்கள். கோடு விடியும்போது பசைக்கு அடியில் இருக்கும். மின்கம்பத்தின் அடிப்பகுதி, பாலத்துக் கைப்பிடி என்று போஸ்டர் ஒட்டாத இடமாகப் பாருங்கள். சங்கேதம் போஸ்டரில் மறைந்து சந்திப்பு தவறிப்போவதையே ஒரு அத்தியாயத்தின் திருப்பமாக வைக்கலாம்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. ஏம்ஸைப் பிடித்தது துரத்தல் இல்லை. சாண்டி கிரைம்ஸ், ஜீன் வெர்ட்டஃபே என்ற இரண்டு பெண் அதிகாரிகள் இருந்த சிறிய குழுதான் அதற்கு வழி திறந்தது. கிரைம்ஸ் செய்தது தேதிவாரியாக ஒரு பட்டியல். ஏம்ஸ் எப்போது விடுப்பு, எங்கே போனார், யாரோடு சாப்பிட்டார், வங்கியில் எப்போது பணம் போட்டார் என்று ஒரே வரிசையில் அடுக்கினார். 1985 மே 17-ல் சோவியத் தூதரக அதிகாரி சுவாக்கினோடு மதிய உணவு, 18-ல் வங்கியில் 9,000 டாலர். ஜூலை 2-ல் உணவு, 5-ல் 5,000. ஜூலை 31-ல் உணவு, அன்றே 8,500. தனித்தனிக் கோப்புகளில் இந்த வரிகள் ஏற்கெனவே கிடந்தன; பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும்தான் பேசின. 1994 பிப்ரவரி 21-ல் அவர் கைதானார்.

தாமரையின் ஆயுதம் நீளக் கணக்கு நோட்டாக இருக்கட்டும். பூக்கடைக் கணக்குப் பிள்ளைக்கு அது கையில் இருப்பது இயல்பு. தளத்தில் ஆவணம் பார்க்க வாய்ப்புள்ள ஐந்து பேரின் விடுப்பு நாள், மதுரை ஆளின் பயண நாள், சின்னச் சின்ன யூபிஐ வரவு, வெறுங்கால் வெள்ளிக்கிழமை. நான்கு பத்தி. நான்கும் ஒரே தேதியில் விழும் இடம்தான் நாவலின் நடு.

பிறகு பொறி. ஐந்து பேருக்கும் ஒரே ஆவணம், ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் ஒரே ஒரு எண் வேறு. வெளியே எந்த எண் தலைகாட்டுகிறதோ அந்தப் பிரதிக்காரர். இது எங்கே கெடும்: ஐந்து பேரில் இருவர் ஒரே பிரதியைப் பகிர்ந்து படித்தால் கெடும். அனுப்புகிறவன் ஆவணத்தைப் படம் எடுக்காமல் வாயால் சாரம் சொன்னால் எண் தொலைந்துபோகும். பொய் எண் உண்மையான வேலையைக் குழப்பினால் தளத்துக்காரரே கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லிவிடுவார். எந்தப் பிரதி யாருக்கு என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி, தேதியிட்டு, முத்திரையிட்டு மேலதிகாரியிடம் வைக்க வேண்டும். பின்னால் எழுதிய பட்டியல் நீதிமன்றத்தில் நிற்காது.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் இஸ்லாமாபாத் இந்தியத் தூதரகத்தின் பத்திரிகைப் பிரிவில் இருந்த மாதுரி குப்தா. சந்தேகம் வந்ததும் அங்கேயே பிடிக்கவில்லை. சார்க் மாநாட்டு வேலை என்று டெல்லிக்கு வரவழைத்து 2010 ஏப்ரலில் கைது செய்தார்கள். 2018-ல் 3 ஆண்டு தண்டனை. கடற்படைக்கு 2019 டிசம்பர் விசாகப்பட்டினம் வழக்கு: சமூக வலைத்தளத்தில் பெண் பெயரில் பேசி, 7 கடற்படையினரை வளைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இன்றைய பாணி இதுதான். மதுரை ஆள் பொட்டலம் வாங்கவே தேவையில்லை என்று வாசகர் கேட்பார். ஏன் கையால் வாங்குகிறான் என்பதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள் கேமராவோடு கூடிய போன் அனுமதி இல்லை, ஆள் காகிதத்தைத்தான் வெளியே கொண்டுவருகிறான் என்றால் பொருந்தும்.

சட்டப்பை
சட்டப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொருந்தும் சட்டம் அதிகாரபூர்வ ரகசியங்கள் சட்டம், 1923. உளவுக்குப் பிரிவு 3. பாதுகாப்புத் தளம் தொடர்பானது என்றால் 14 ஆண்டு வரை. ரகசியத்தைத் தகுதியற்றவரிடம் தருவதற்குப் பிரிவு 5, 3 ஆண்டு வரை. உளவாளிக்கு இடம் கொடுத்தவருக்குப் பிரிவு 10. மதுரை ஆளின் வீட்டுக்காரர் கதையில் இருந்தால் இது அவர்மேல் வரும். பிரிவு 13 மிக முக்கியம்: அரசின் அனுமதியோடு முறையீடு (நீதிமன்றத்தில் தரும் புகார் மனு) தாக்கலானால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். பிரிவு 14-ன்படி விசாரணையில் பொதுமக்களை வெளியே அனுப்பலாம். தண்டனை அறிவிப்பு மட்டும் வெளிப்படையாக நடக்க வேண்டும்.

காலத்தை முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கதை 2024 சித்திரையில் நடந்தால் பழைய சட்டப் பிரிவுகள், 2025 என்றால் புதியவை. புதிய முறையில் சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்தாக வேண்டும். கைபேசியிலிருந்து எடுக்கும் ஆதாரத்துக்குச் சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன் சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எழுத வேண்டும். இங்கேதான் வழக்குகள் சரிகின்றன: உற்சாகத்தில் யாரோ ஒருவர் இடத்திலேயே போனைத் திறந்து படங்களைப் புரட்டிவிடுவார். அதன்பின் கோப்புகளின் நேரக்குறிப்பைப் பற்றி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்பார். போனைச் சிக்னல் புகாத பையில் போட்டு, முத்திரையிட்டு, அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பியதாக எழுதுங்கள்.

ஒட்டுக்கேட்பு: உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும். அவசரத்துக்கு மூத்த அதிகாரி ஆணையிடலாம், 7 வேலை நாட்களுக்குள் ஒப்புதல் வர வேண்டும். ஒரு உத்தரவு 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள். "ஒரு வருஷமாக அவன் போனைக் கேட்கிறோம்" என்று வசனம் வைக்காதீர்கள்.

கைதான பின் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், இந்தச் சட்டத்தில் 14 ஆண்டு என்பது உச்ச வரம்பே தவிரக் குறைந்தபட்சம் 10 ஆண்டு என்று இல்லாததால், குற்றப்பத்திரிகைக்கு 60 நாள்தான் என்று கூறிப் பிணை தந்தது. மதுரையில் வாதாடும் வழக்கறிஞரும் அதைக் கையில் எடுப்பார், ஒத்தக்கடைப் பக்கத்து உயர் நீதிமன்றக் கிளையில் மனு போடுவார். 60 நாளுக்குள் ஆய்வக அறிக்கை, அரசு அனுமதி, முறையீடு மூன்றும் வந்து சேர வேண்டும். கடைசி மூன்று அத்தியாயத்துக்கு இதைவிடப் பதற்றம் வேண்டாம்.

தாமரை சாட்சிக் கூண்டில் ஏற மாட்டாள். முதல் தகவல் அறிக்கையில் அவள் பெயர் வராது. "நம்பத்தகுந்த தகவல் கிடைத்ததன் பேரில்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அவள் கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் கியூ பிரிவு தன் சொந்தச் சாட்சிகளைக் கொண்டு மறுபடி நிறுவ வேண்டும். செருப்புக் கடைக்காரர், பஸ் நடத்துநர், வங்கி மேலாளர். அவர்களைக் கண்டுபிடிக்கும் வழியை மட்டும் தாமரை காட்டித் தருவாள்.

நிலா எழுத்து
எல்லோருக்கும் நன்றி. திருத்திய திட்டம்: காலம் 2025. தாமரை ஐ.பி. அதிகாரி, பூக்கடைக் கணக்குப் பிள்ளை. கூடவே மூத்த அதிகாரி ஒருவர் அம்மாவாக. ஊர் விருதுநகர்ப் பக்கம். கைமாற்றல் மே 12, அழகர் ஆற்றில் இறங்கும் காலையில், வைகைக் கரைக் கூட்டத்தில். கியூ பிரிவு பிடிக்கிறது. தளத்து ஆள் ரயிலில் வருகிறான்.

தெற்குவெளி
மே 12 நல்ல தேர்வு, ஒரு விஷயம் கவனிங்க. அந்த மே 7 முதல் 10 வரை எல்லையில் சண்டை நடந்தது. தளங்களில் விடுப்பு ரத்து, உஷார் நிலை. தளத்து ஆள் சீருடைக்காரனா இருந்தா மே 11 ராத்திரி மதுரை வர முடியாது. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிற ஸ்டோர் எழுத்தரா மாத்துங்க. எல்லாரும் உள்ளே இருக்க அவன் மட்டும் எதிர்சேவைக்கு (ஊருக்குள் வர்ற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிறது) மதுரை போறேன்னு கிளம்பினான்னா, அதுவே தாமரையின் நோட்டில் ஒரு வரி. தளத்துக்கும் நிஜப் பெயர் வேண்டாம், கற்பனைப் பெயர் வைங்க.

கோபுரப்புறா
ரயில் சரி. ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயிருந்துன்னா 2022 டிசம்பர் கடைசியிலிருந்து ரயில் நின்னு, புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பிறகுதான் ஓடுச்சு. மே மாசம்னா பிரச்சினை இல்லை.

ஆத்தங்கரைக் கூட்டத்தில் ரெண்டு விஷயம் உடையும். லட்சக்கணக்கில் ஜனம், போன் சிக்னல் திணறும், கூப்பிட்டா போகாது. தண்ணி பீய்ச்சுறவங்க நடுவே மாட்டினா எல்லாரும் நனைவாங்க, காகிதப் பொட்டலம் ஊறிப் போயிடும். பாலிதீன் சுத்தியிருக்கணும். ஆழ்வார்புரம் பக்கம் உள்ளே நுழைஞ்சவன் அரை மணி நேரத்துக்கு வெளியே வர முடியாது, பிடிக்கிறவனும் அப்படித்தான். அதனால கைதை ஆத்துக்குள்ள வைக்காதீங்க, நெரிசலில் ஜனங்களுக்கு ஆபத்து, எந்த அதிகாரியும் சம்மதிக்க மாட்டார். கூட்டம் கலைஞ்சு அவன் கோரிப்பாளையம் தாண்டி ஆட்டோ தேடுற இடத்தில் வைங்க.

சட்டப்பை
மே 12 காலை கைது, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால். மே 13-ல் காவல் உத்தரவு என்றால், அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 60-ஆம் நாள் ஜூலை 11, வெள்ளிக்கிழமை. அன்று நீதிமன்றம் எழுவதற்குள் முறையீடு தாக்கலாக வேண்டும். கைதாவோரில் பெண் யாராவது இருந்தால் சூரியன் மறைந்த பின் கைது வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் நடுவரின் முன் அனுமதி, பெண் அதிகாரி இரண்டும் தேவை.

நிலா எழுத்து
கைதான அன்றே தாமரை மதுரையை விட்டுக் கிளம்புகிறாள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை. அதோடு முடிக்கலாமா?

பூமண்டி
கிளம்பக் கூடாது தங்கச்சி. கைது செய்தி மறுநாள் பேப்பரில் வரும், அன்னைக்கே பூக்கடைக் கணக்குப் பிள்ளையும் அம்மாவும் காணோம்னா மார்க்கெட் முழுக்க ரெண்டையும் சேர்த்துப் பேசிடும். முதலாளி மேல சந்தேகம் விழும், மதுரை ஆளோட கூட்டாளி எவனாவது வெளியே இருந்தா அவளைத் தேடுவான். மே, ஜூன் ரெண்டு மாசமும் வைகாசி, ஆனி முகூர்த்தம் இருக்கு, கடையில் வேலை நெரியும். அவ வழக்கம்போல விடியற்காலம் வந்து எடை எழுதி, பெட்டி எண்ணி, பில் போடணும். ஜூலை 11-ல் முறையீடு தாக்கலானதும்கூட அவ கடையிலதான் இருக்கணும். ஜூலை 17 ஆடி ஒண்ணு. வியாபாரம் இறங்கும், கடைகளில் ஆளைக் குறைப்பாங்க, கணக்குப் பிள்ளை சம்பளம் வாங்கிட்டு ஊருக்குப் போறேன்னு சொன்னா யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க. பாக்கி முன்பணம் எல்லாம் தீர்த்து, நோட்டை முதலாளிகிட்ட ஒப்படைச்சுட்டுப் போகட்டும். அவளோட இன்னொரு நோட்டு அதுக்கு முன்னாடியே சென்னைக்குப் போயிருக்கணும்.